பிரஸ்ஸல்ஸ் – ஆம்ஸ்டர்டாம்: மெது ரயிலில் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பிரஸ்ஸல்ஸில் யூரோஸ்டார் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ஆம்ஸ்டர்டாமில் இறங்கிவிடலாம். அதே தூரத்தை உள்ளூர் ரயில்களிலேயே போனால் நான்கு மணி நேரம் ஆகும். ஆண்ட்வெர்ப்பில் ஒருமுறை மாற வேண்டும், எல்லை தாண்டியதும் ரோசெண்டாலில் இன்னொரு முறை. எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. போவதென்று முடிவு செய்துவிட்டவர்களுக்குத்தான் இது. இந்த வழியில் நடக்கும் குழப்பங்களில் பாதிக்கு மேல் ரோசெண்டாலில்தான் நடக்கின்றன. இரண்டு நாட்டு ரயில்வேயும் கை மாறும் இடம் அது.

முதலில், காசு மிச்சம் பிடிக்கலாம் என்ற நினைப்பில் கிளம்பாதீர்கள். உள்ளூர் டிக்கெட்டின் விலை சீக்கிரம் வாங்கினால் குறைவதில்லை, கடைசி நேரத்தில் வாங்கினால் ஏறுவதும் இல்லை. யூரோஸ்டாரை இரண்டு மாதம் முன்பே பதிவு செய்தவர் உங்களைவிடக் குறைவாகக் கொடுத்திருக்கக்கூடும். மெது ரயிலில் கிடைக்கும் லாபம் வேறு. டிக்கெட் ஒரு குறிப்பிட்ட வண்டிக்கு மட்டும் என்று இல்லை. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம், டிக்கெட் வீணாகாது.

அடுத்தது, மொபைல் செயலி சொல்வதை அப்படியே நம்புவது. பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் என்று மட்டும் போட்டுத் தேடினால் வேகமான வழிதான் வரும். ரோசெண்டால் கண்ணிலேயே படாது. இத்தனைக்கும் ஒரு காலத்தில் அதுதான் முக்கிய வழி. பெனிலக்ஸ் ரயில் என்று ஒன்று இரு தலைநகரங்களுக்கும் நடுவே ரோசெண்டால் வழியாக நேராகவே ஓடிக்கொண்டிருந்தது. 2012 டிசம்பரில் அதை நிறுத்திவிட்டு ஃபைரா என்ற அதிவேக ரயிலை விட்டார்கள். அது ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. பனிக்காலத்தில் அடித்தகடு கழன்று விழுந்து, 2013 ஜனவரியில் ஓரங்கட்டப்பட்டது. பழைய மாதிரி ரயில் திரும்பி வந்தது. 2018இல் அதையும் ப்ரேடா பக்கம் அதிவேகத் தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது ரோசெண்டாலில் எல்லையைத் தாண்டுவது ஆண்ட்வெர்ப்பிலிருந்து வரும் உள்ளூர் வண்டிதான். ஆகவே தேடும்போது 'வழி' என்ற கட்டத்தில் ரோசெண்டால் என்று நீங்களே போட வேண்டும். இல்லையென்றால் பயணத்தை மூன்று துண்டாகத் தேடுங்கள்.

துண்டாகத் தேடும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. பெல்ஜியத்தின் கடைசி நிலையத்தின் பெயர் எஸ்ஸன். ஜெர்மனியின் பெரிய நகரம் எஸ்ஸனும் அதே எழுத்துகள்தான். பட்டியலில் முதலில் வருவதைத் தொட்டால் ஜெர்மனிக்கு டிக்கெட் போட்டுவிடுவீர்கள். 'ஸாய்ட்' என்ற சொல்லும் இப்படித்தான். டச்சில் தெற்கு என்று பொருள். பிரஸ்ஸல்ஸ் ஸாய்ட், ஆண்ட்வெர்ப் ஸாய்ட், டோர்ட்ரெக்ட் ஸாய்ட், ஆம்ஸ்டர்டாம் ஸாய்ட் என எல்லா ஊரிலும் ஒன்று உண்டு. அதிலும் பிரஸ்ஸல்ஸ் ஸாய்ட்டுக்கு பிரெஞ்சில் 'மிடி' என்று பெயர். இரண்டும் ஒரே நிலையம்தான். ஆண்ட்வெர்ப் வண்டிகள் மிடி, சென்ட்ரல், நார் (வடக்கு) மூன்றிலும் நிற்கும்; நகர மையத்தில் தங்கியிருந்தால் மிடி வரை பெட்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டாம், சென்ட்ரலே போதும்.

ஆண்ட்வெர்ப் சென்ட்ரலில் ஐந்து நிமிட இணைப்பை நம்பாதீர்கள். 1905இல் முடிந்த அந்தக் குவிமாடக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வண்டியை விட்டவர்கள் நிறைய. அது பரவாயில்லை, மன்னிக்கலாம். ஆனால் தடங்கள் மூன்று தளங்களில் இருக்கின்றன: மேலே ஆறு, கீழே நான்கு, அதற்கும் கீழே இன்னும் நான்கு. பலகையில் தட எண்ணைப் பார்த்து, அது எந்தத் தளம் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எஸ்கலேட்டரில் கால் வைக்க வேண்டும்.

சரி, இப்போது ரோசெண்டால்.

பெல்ஜியத்தில் ரயில் நிலையம் திறந்த வீடு மாதிரி. டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஏறினால் நடத்துநர் வந்து பார்ப்பார். வாங்காமல் ஏறி வண்டிக்குள் கேட்டால் கூடுதல் கட்டணம். நெதர்லாந்தில் முறையே வேறு: ஏறும் முன் கார்டைத் தட்ட வேண்டும், இறங்கிய பின்னும் தட்ட வேண்டும். வங்கி கார்டையே தட்டலாம். இந்த வசதிதான் ஆளைக் கவிழ்க்கிறது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து வருகிறவர் அங்கே தட்டிவிட்டு, அதே தைரியத்தில் ரோசெண்டாலில் பெல்ஜிய வண்டிக்கு மாறி உட்கார்ந்துவிடுவார். அந்தத் தட்டல் எல்லைக்கு அப்பால் செல்லாது. 'கார்டைத் தட்டினேனே' என்று நடத்துநரிடம் சொல்லிப் பயனில்லை. வெளியேறும்போது தட்டாததால் நெதர்லாந்துப் பக்கக் கணக்கும் முடியாமல் நிற்கும். ஆக ரோசெண்டாலில் இறங்கித் தட்டி, கணக்கை முடித்து, கையில் பெல்ஜிய டிக்கெட்டோடு மறுபடி ஏற வேண்டும். எதிர்த்திசையில் வந்தால், இறங்கியதும் கார்டு தட்டும் கருவியைத் தேடிப் போய் தட்டிவிட்டுத்தான் ஆம்ஸ்டர்டாம் வண்டியில் ஏற வேண்டும். பெல்ஜிய டிக்கெட் வாங்கும்போது ரோசெண்டால் வரை வாங்குங்கள். எஸ்ஸன் வரை வாங்கினால் கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட் இல்லாத பயணிதான் நீங்கள்.

அங்கே நான் செய்த தவறு இதைவிட எளிமையானது. அவசரமாகக் கார்டைத் தட்டிவிட்டு நின்றிருந்த மஞ்சள் வண்டியில் ஏறினேன். ஆம்ஸ்டர்டாம் – ஃப்ளிஸிங்கன் ரயில்தான், சந்தேகமில்லை. ஆனால் அது ஆம்ஸ்டர்டாமுக்கு எதிர்த்திசையில், ஃப்ளிஸிங்கன் பக்கம் போகிற வண்டி. பத்து நிமிடத்தில் பெர்கன் ஆப் ஸோம் வந்தது. இறங்கி, எதிர் நடைமேடையில் குளிரில் நின்று, வந்த வழியே திரும்பினேன். ஆம்ஸ்டர்டாம் என்ற பெயர் பலகையில் இருந்தால் போதாது. அது கடைசியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

திசையைக் கண்ணால் கணிப்பதும் இங்கே உதவாது. பெல்ஜியத்தில் ரயில்கள் நம்மூர் போல இடது தடத்தில் ஓடும், நெதர்லாந்தில் வலது தடத்தில்.

நடுவில் இறங்காமல் போவதையும் தவறு என்றே சொல்வேன். ஆண்ட்வெர்ப்புக்கும் எல்லைக்கும் நடுவே ஹைடே, கால்ம்தவுட் என்று சின்ன நிலையங்கள். பக்கத்தில் இரு நாட்டுக்கும் பொதுவான புதர்நிலப் பூங்கா ஒன்று பரந்து கிடக்கிறது. ஆகஸ்டின் பிற்பகுதியில் ஊதாப் பூ பூத்து நிற்கும். ஹைடே வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து ரோசெண்டாலுக்கு ஒன்று என எடுத்தால் சிக்கல் வராது.

பாஸ்போர்ட்டைப் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள். ஷெங்கன் பகுதிதானே, எல்லையில் சோதனை கிடையாதே என்பார்கள். ஆனால் 2024 டிசம்பரில் நெதர்லாந்து தன் தரை எல்லைகளில் திடீர்ச் சோதனையைத் தொடங்கியது. இந்தியாவிலிருந்து யூரேல் என்ற ஐரோப்பிய ரயில் பாஸ் வாங்கி வருகிறவர்களுக்கு இந்த மெது ரயில்களில் இருக்கைப் பதிவு வேண்டாம், யூரோஸ்டாருக்கு வேண்டும். ஐரோப்பாவிலேயே குடியிருந்தால், இந்தியப் பாஸ்போர்ட்டாக இருந்தாலும் நீங்கள் வாங்க வேண்டியது இன்டர்ரேல் பாஸ். பெல்ஜியத்தில் வேலைநிறுத்தம் அறிவித்திருந்தால் முதல் நாளே மாற்று அட்டவணை வெளியாகிவிடும், அதைப் பார்த்துவிட்டுப் படுங்கள். அப்புறம், நெதர்லாந்து வண்டிகளில் ஜன்னலில் 'ஸ்டில்டே' என்று எழுதியிருந்தால் அது அமைதிப் பெட்டி. ஊருக்கு வீடியோ கால் போட அது இடமில்லை.

ரோசெண்டாலில் சரியான வண்டியில் ஏறிவிட்டால் டோர்ட்ரெக்ட், ராட்டர்டாம், டென் ஹாக், லைடன், ஹார்லம் வழியாக ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரல் வரை மாறவே வேண்டாம். போனைப் பைக்குள் போட்டுவிடலாம். லாகே ஸ்வாலுவெ என்ற நிலையத்தை நிற்காமல் கடந்ததும், இரு பக்கமும் திடீரென்று தண்ணீர் விரியும். ஹோலண்ட்ஸ் டீப் என்ற அகன்ற ஆறு, மேலே சுமார் ஒரு கிலோமீட்டர் மூர்டைக் பாலம். அரை நிமிடத்தில் முடிந்துவிடும். நான் இரண்டு தடவை அதைத் தவறவிட்டிருக்கிறேன், இரண்டு தடவையும் அடுத்து எங்கே மாற வேண்டும் என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன்.