முதல் ஸ்லீப்பிங் பேட் வாங்குகிறீர்களா? தரையின் குளிரிலிருந்து தொடங்குங்கள்

டென்டுக்குள் நடுராத்திரியில் குளிரால் விழிப்பு வந்தால் பலரும் ஸ்லீப்பிங் பேக்கைத்தான் குறை சொல்வார்கள். அதைவிடத் தடிமனான ஒன்றை வாங்குவார்கள். அடுத்த முறையும் குளிரும். காரணம் பெரும்பாலும் முதுகுக்குக் கீழே இருக்கிறது. ஸ்லீப்பிங் பேக்கின் உள்ளே உப்பி நிற்கும் இறகோ பஞ்சோ பிடித்து வைத்திருக்கும் காற்றுதான் நம்மைக் கதகதப்பாக வைக்கிறது. மேலே படுத்ததும் அடிப்பக்கம் நசுங்கி அந்தக் காற்று போய்விடும். அப்புறம் உடல் சூடு நேராகத் தரைக்குள் இறங்கும். அதைத் தடுப்பதுதான், ஸ்லீப்பிங் பேக்குக்கு அடியில் விரிக்கும் ஸ்லீப்பிங் பேடின் முதல் வேலை. மெத்தென்று இருப்பது இரண்டாவது.

புதிதாக வாங்குபவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, தொட்டுப் பார்த்து, தடிமனைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். கீழே நான் சொல்லும் வரிசையில் போனால் அந்தச் சிக்கல் வராது.

படி 1: மிகக் குளிரான இரவை நினையுங்கள்

நீங்கள் வெளியே தூங்கப்போகும் இரவுகளில் எது மிகக் குளிரானதாக இருக்கும்? அதைக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி வெப்பநிலை இங்கே உதவாது. விடியலுக்குச் சற்று முன் இறங்கும் அளவுதான் கணக்கு. கூடவே, வண்டியை டென்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்துவீர்களா, எல்லாவற்றையும் முதுகில் சுமந்து நடப்பீர்களா என்பதையும் முடிவு செய்யுங்கள். மற்ற எல்லாமே இந்த இரண்டு பதில்களைப் பொறுத்தவை.

படி 2: ஆர் மதிப்பைத் தேடுங்கள்

பேடின் அட்டையில் ஆர் மதிப்பு என்று ஓர் எண் இருக்கும். வெப்பம் தரைக்குப் போவதை அந்தப் பேட் எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு அது. எண் பெரிதாக ஆக, குளிர் மேலே ஏறுவது குறையும்.

முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் அளந்ததால் இரண்டு நிறுவனங்களின் எண்களை ஒப்பிடவே முடியாது. 2018-இல் ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுத் தரநிலை வந்தது. காற்றடித்த பேடைக் குளிர்ந்த தட்டு ஒன்றுக்கும் சூடான தட்டு ஒன்றுக்கும் நடுவே வைத்து, சூடான தட்டு அதே சூட்டில் நிற்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்று அளக்கிறார்கள். எனவே வாங்கும்போது இந்தத் தரநிலையின் பெயர் விவரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர் மதிப்பே போடாமல் ‘நான்கு பருவங்களுக்கும் ஏற்றது’ என்று மட்டும் எழுதியிருந்தால் நான் அதை வாங்க மாட்டேன்.

எந்த எண் வேண்டும்? தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம். இரவிலும் வெதுவெதுப்பாக இருக்கும் கோடைக்கு 1 முதல் 2 வரை போதும். குளிர்காலத்தைத் தவிர்த்த மற்ற மாதங்களுக்கு 2 முதல் 4 வரை. தண்ணீர் உறையும் இரவுகளுக்கு 4-க்கு மேல். பனியின் மீதே படுப்பதாக இருந்தால் 5.5-க்குக் குறையாமல் பாருங்கள். எளிதில் குளிர் தாக்கும் உடம்பு என்றால் ஒரு படி மேலே போங்கள்.

தடிமனான பேட் கதகதப்பாக இருக்கும் என்ற எண்ணம் இங்கேதான் உடைகிறது. உள்ளே வெறும் காற்று மட்டும் உள்ள 7 சென்டிமீட்டர் பேடின் ஆர் மதிப்பு 1-ஐ ஒட்டியே இருக்கலாம். 2 சென்டிமீட்டர் ஃபோம் விரிப்பு ஒன்று 2 தரும். காற்று அறை பெரிதாக இருந்தால் உள்ளே காற்று சுழலும். மேலே உடலிடம் வாங்கிய சூட்டைக் கீழே தரையிடம் கொடுத்துவிட்டு வரும். அந்தச் சுழற்சியைத் தடுக்கத்தான் நல்ல பேடுகளில் செயற்கைப் பஞ்சோ இறகோ வைக்கிறார்கள், அல்லது வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பளபளப்பான மெல்லிய தாள்களை அடுக்குகிறார்கள்.

இன்னொரு நல்ல செய்தி, ஆர் மதிப்புகளைக் கூட்டலாம். ஆர் 3 உள்ள காற்றுப் பேடுக்கு அடியில் ஆர் 2 உள்ள ஃபோம் விரிப்பைப் போட்டால் 5 கிடைக்கும். அடியில் இருக்கும் ஃபோம், பேடை முள்ளிலிருந்தும் காப்பாற்றும். வருடத்தில் ஒரே ஒரு முறை கடும் குளிருக்குப் போகிறவர்கள் புதிய பேட் வாங்குவதைவிட இதுவே மேல்.

படி 3: எப்படித் தூங்குகிறீர்கள்?

மல்லாந்து படுப்பவருக்கு 5 சென்டிமீட்டர் தடிமன் போதும். ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பும் தோளும் ஒரே இடத்தில் அழுத்தும். 7 சென்டிமீட்டருக்குக் குறையாமல் எடுங்கள்.

நீளம், அகலத்தில் வழக்கமான அளவு சுமார் 183க்கு 51 சென்டிமீட்டர். 51 சென்டிமீட்டர் என்பது நினைப்பதைவிடக் குறுகல். மல்லாந்து படுத்தால் கைகள் இரண்டு பக்கமும் தரையில் விழும். புரண்டு புரண்டு தூங்குபவர்கள் 63 சென்டிமீட்டர் அகலத்துக்குப் போவது நல்லது. எடை கொஞ்சம் கூடும், ஆனால் தூக்கம் வரும். இரண்டையும் நிறுத்துப் பார்த்தால் என் ஓட்டு அகலத்துக்கே. வாங்கும் முன் உங்கள் டென்டின் உள் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். இருவர் டென்ட் என்று விற்கும் பலவற்றில் அகலமான பேடுகள் இரண்டு நுழையாது.

படி 4: எந்த வகை?

வண்டியில் போகிறவர்களுக்குத் தானே காற்று நிரம்பும் வகை வசதி. உள்ளே ஃபோம் இருக்கும். வால்வைத் திறந்தால் அது விரிந்து காற்றை இழுத்துக்கொள்ளும், கடைசியில் நாலைந்து முறை ஊதினால் போதும். பாரமும் பருமனும் அதிகம் என்பதால் நடைப்பயணத்துக்குச் சரிவராது. சுமந்து நடப்பவர்களுக்கு நாமே காற்று நிரப்பும் வகைதான். 400 முதல் 600 கிராமுக்குள் நல்லவை கிடைக்கின்றன, சுருட்டினால் தண்ணீர் பாட்டில் அளவுக்கு அடங்கும்.

படி 5: துணி, வால்வு, சத்தம்

துணியின் தடிமனை டெனியரில் சொல்வார்கள். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அதுதான் அதன் டெனியர். 20 டெனியர் மெல்லியது, இலேசானது, கவனமாகக் கையாள வேண்டும். 40-க்கு மேல் போனால் கொஞ்சம் அலட்சியமாக இருந்தாலும் தாங்கும். முதல் பேடுக்கு அடிப்பக்கம் மட்டுமாவது 30 அல்லது அதற்கு மேல் இருப்பதை எடுங்கள்.

உள்ளே போகும் காற்றைத் திரும்ப விடாத ஒருவழி வால்வு இருக்க வேண்டும். காற்றை வெளியேற்றத் தனியாக அகலமான திறப்பு இருந்தால் காலையில் மடிப்பது எளிது. கூடவே காற்று நிரப்பும் பை ஒன்று தருகிறார்களா என்று கேளுங்கள். வாயால் ஊதும்போது மூச்சின் ஈரமும் உள்ளே போகும். நாளடைவில் பூஞ்சை பிடிக்கலாம், உள்ளே இருக்கும் பஞ்சும் கெடலாம்.

பளபளப்புத் தாள் வைத்த சில பேடுகள் புரளும்போதெல்லாம் சரசரக்கும். பக்கத்தில் இலேசான தூக்கக்காரர் படுத்திருந்தால் இதுவும் முக்கியம்.

படி 6: வாங்கிய அன்றே வீட்டில் படுத்துப் பாருங்கள்

முதலில் முழுக்கக் காற்று நிரப்புங்கள். மேலே ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு வால்விலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விடுங்கள். இடுப்பு தரையைத் தொடும் நிலைக்குச் சற்று முன் நிறுத்துங்கள். கல்லுமாதிரி இறுக்கமாக நிரப்பியதில் படுத்துவிட்டு ‘இந்தப் பேடே சரியில்லை’ என்று திருப்பிக் கொடுப்பவர்கள் நிறைய.

அப்படியே ஓர் இரவு முழுக்கத் தூங்குங்கள். காலையில் தளர்ந்திருந்தால் ஓட்டை இருக்கலாம். வெளியில் முகாமிட்டிருக்கும்போது மட்டும் உடனே அந்த முடிவுக்கு வராதீர்கள். மாலை 25 டிகிரியில் நிரப்பிய காற்று, 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் கிட்டத்தட்ட 7 சதவீதம் சுருங்கும். தூங்கப்போகும் முன் இரண்டு மூச்சு கூடுதலாக நிரப்பினால் சரியாகிவிடும். இதன் மறுபக்கம்தான் ஆபத்து. காற்றடித்த பேடைப் பகல் வெயிலில் விட்டால் உள்ளே அழுத்தம் ஏறி அறைகளின் ஒட்டு பிரிந்துவிடலாம், அதைச் சரிசெய்வது கடினம்.

உண்மையான ஓட்டை என்றால் சைக்கிள் ட்யூபில் பஞ்சர் பார்ப்பதுபோலச் சோப்பு நீர் தடவிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பேனாவால் வட்டம் போட்டு, காற்றை விட்டு, நன்றாகத் துடைத்துக் காயவைத்த பிறகு ஒட்டுங்கள். ஒட்டுத் துண்டுகளைப் பேடின் உறைக்குள்ளேயே வைத்திருங்கள், பையில் வேறு எங்கோ போட்டால் இருட்டில் தேட முடியாது.