சேலத்து உப்புத் தண்ணீரும் ஏற்காட்டுக் குளிரும்: உரியும் முகத் தோலைப் பராமரிக்கும் முறை

மார்கழியில் ஏற்காட்டில் இருப்பவருக்கும் பங்குனியில் சேலத்தில் இருப்பவருக்கும் முகம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வறள்கிறது: கன்னம் இழுத்துப் பிடிக்கிறது, மூக்கோரத்தில் வெள்ளைச் செதில் எழுகிறது, சிரித்தால் சுள்ளென்கிறது. பழியைப் பனியின் மீதும் வெயிலின் மீதும் போட்டுவிடுகிறோம். அவற்றுக்கும் பங்கு உண்டு என்றாலும், பெரிய குற்றவாளி பெரும்பாலும் குளியலறையிலேயே இருக்கிறது.

தோலின் மேலடுக்கில் உள்ள செல்களுக்கு இடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை பூச்சாக நின்று, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிவிடாமல் காக்கின்றன. மலைக்குளிருக்கு இதமாக இருக்கிறதென்று ஆவி பறக்கும் வெந்நீரை முகத்தில் ஊற்றும்போது இந்தப் பூச்சுதான் கரைந்து போகிறது. நம் தோல் லேசான அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 5-ஐ ஒட்டியிருக்கும். சாதாரணக் குளியல் சோப்புக்கோ அது 9 முதல் 10 வரை இருக்கும், அதாவது காரத்தன்மை; அதனால் தோலின் அமிலத்தன்மை குலைகிறது. சேலத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. குழாயின் முனையில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தால், அந்த நீரில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுதி என்று பொருள். அவை சோப்புடன் கூடித் திரிந்து, வாளியின் உள்விளிம்பில் படிவதைப் போலவே முகத்திலும் படிந்து, எத்தனை முறை அலசினாலும் முழுதாகப் போவதில்லை.

ஆகவே முதல் வேலை, சோப்பை முகத்திலிருந்து விலக்குவது. காலையில் வெறும் நீரில் கழுவினாலே போதும். இரவில் மட்டும், நுரை அதிகம் வராத, வாசனை சேர்க்காத, சோப்பில்லாத கிளென்சர் ஒன்றை விரல் நுனியால் தடவிக் கழுவலாம். நீர் வெதுவெதுப்புக்கு மேல் சூடாக இருக்க வேண்டாம். மேட்டூர் அணையின் ஆற்றுத் தண்ணீரும் வரும் வீடுகளில், கடைசியாக ஒரு குவளை அந்த நீரால் அலசுவது நல்லது. கடலை மாவும் பயத்தம் மாவும் எண்ணெய் வழியும் முகத்துக்கு ஒத்துவரலாம். உரிகிற முகத்தில் இருக்கும் கொஞ்ச எண்ணெயையும் அவை உறிஞ்சி, தேய்க்கும்போது கீறியும் விடுவதால், தோல் தேறும்வரை அவற்றை ஒதுக்கி வைப்பதே சரி. எலுமிச்சைச் சாறு எந்த நாளிலும் வேண்டாம். செதிலை நகத்தால் கிள்ளுவதோ ஸ்க்ரப் போட்டுத் தேய்ப்பதோ, அதன் அடியில் இன்னும் முதிராத தோலை வெளியே இழுத்துவிடும். மறுநாள் இரட்டிப்பாக உரியும்.

கழுவியபின் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும், துடைக்கக் கூடாது. முகத்தில் ஈரம் மிச்சம் இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், கிளிசரின் அல்லது செராமைடு உள்ள கிரீமைப் பூச வேண்டும், ஏனெனில் கிரீமின் வேலை ஈரத்தைப் பிடித்து வைப்பதே தவிர, இல்லாத ஈரத்தை உண்டாக்குவதல்ல. இரவில் அதற்கு மேல் பட்டாணி அளவு பெட்ரோலியம் ஜெல்லியை உள்ளங்கையில் தேய்த்து இளக்கி, கன்னத்திலும் வாயோரத்திலும் அழுத்தி ஒற்றினால், ஈரம் போகும் வழி அடைபடும். விலை உயர்ந்த நைட் கிரீம் பலவற்றை விட இந்த மருந்துக்கடை டப்பா நன்றாகவே வேலை செய்யும் என்பது என் கருத்து. முகப்பரு வரும் தோலாக இருந்தால், மிக வறண்ட இடத்தில் மட்டும் வைத்தால் போதும்.

ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுப்பதும் இல்லை. எனவே மூடுபனி நாளிலும், எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத, கிரீம் வகைச் சன்ஸ்கிரீனைப் பூசிக்கொள்வது நல்லது. இருசக்கர வண்டியில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்குபவர்கள் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொண்டாலே காற்றடியில் பாதி தப்பும்.

எல்லாச் செதிலும் வறட்சி அல்ல. புருவத்திலும் மூக்கின் இரு மடிப்பிலும் சிவந்து, மஞ்சளாக, பிசுபிசுப்பான செதில் வந்து, தலையில் பொடுகும் இருந்தால், அது பெரும்பாலும் செபோரிக் டெர்மடைட்டிஸ். தோலில் வாழும் மலசீசியா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை இதற்குத் துணைபோகிறது; அது கொழுப்பைத் தின்று வளர்வதால், தேங்காய் எண்ணெய் தடவத் தடவ நிலைமை மோசமாகலாம். இதற்குக் கீட்டோகொனசோல் போன்ற பூஞ்சை மருந்து வேண்டும். அதை மருத்துவர் பார்த்துத் தருவதே முறை. பருவுக்காக ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து) அல்லது சாலிசிலிக் அமிலம் பூசுபவர்களுக்கு அந்த மருந்தே முகத்தை உரிய வைக்கும். எழுதித் தந்தவரிடம் கேட்டு இடைவெளி விட வேண்டும்.

அக்கம்பக்கத்தார் சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு கலந்த கிரீமை வாங்கிப் பூசும் பழக்கம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. இரண்டே நாளில் முகம் பளிச்சென்று தெளியும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் சிவப்பு இழையாகத் தெரிந்து, நிறுத்தியதும் முன்னைவிட எரியும். இரண்டு வாரம் முறையாகப் பராமரித்தும் அடங்காமல் இருந்தாலோ, வெடித்து நீர் கசிந்தாலோ, முகத்தோடு உடல் முழுதும் வறண்டு, சோர்வும் எடை கூடுதலும் சேர்ந்திருந்தாலோ (தைராய்டு குறைவிலும் இப்படி ஆகும்) தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது. போகும்போது அதுவரை பூசிய டியூப்களை ஒன்று விடாமல் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்; பெயர் மறந்த கிரீமைப் பற்றி நிறத்தைச் சொல்லி விளக்குவதால் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது.