ஒரே ஒரு வசனத்துக்கு நூலகத்தில் கட்டுரை தேடுவது எப்படி?

வேதாகமத்தில் யோவேல் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் ஆவி ஊற்றப்படுவதைச் சொல்லும் 2:28 வசனத்தை வைத்து பதினைந்து பக்கக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. இறையியல் கல்லூரி நூலகத்தின் தேடல் பெட்டியில் யோவேலின் ஆங்கில வடிவமான 'ஜோயல்' என்று தட்டினேன். ஆயிரக்கணக்கில் வந்து கொட்டியது. முதல் பக்கத்தில் பாதி, ஜோயல் என்று பெயர் கொண்டவர்கள் எழுதியவை. சபை நிர்வாகம் பற்றி ஒரு ஜோயல், இளைஞர் ஊழியம் பற்றி இன்னொரு ஜோயல். தீர்க்கதரிசியை மட்டும் காணோம். இரண்டு நாள் இப்படியே போனது. பிறகு கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

லாகின் போடுவது, புத்தகம் இரவல் எடுப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: வீட்டிலிருந்து தேடும்போது கூகுள் வழியாக ஆய்விதழ்க் கட்டுரைகளின் தரவுத்தளத்துக்குள் நுழையாதீர்கள். நூலகத்தின் பக்கத்தில் உள்ள இணைப்பைச் சொடுக்கியே போங்கள். அப்போதுதான் நீங்கள் கல்லூரி ஆள் என்று அதற்குத் தெரியும். இல்லாவிட்டால் ஒவ்வொரு கட்டுரைக்கும் பணம் கேட்கும்.

படி 1: முதலில் அலமாரி

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிடும் டியூயி முறையில் அடுக்கிய நூலகம் என்றால் வேதாகமம் 220-இல் தொடங்கும். தீர்க்கதரிசிகள் 224, யோவேல் 224.7. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் எண் முறை என்றால் 'பி.எஸ்.' (BS) வரிசையில் 1575-ஐ ஒட்டிப் பாருங்கள். நேரே போய் நின்று, இரண்டு புதிய விளக்கவுரைகளை எடுத்து, அவற்றின் நூற்பட்டியலைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தத் தரவுத்தளத்தையும்விட இது வேகம் என்பது என் கட்சி.

ஆனால் எல்லா விளக்கவுரையும் அங்கேயே இருக்காது. தொடராக வரும் தொகுதிகளைச் சில நூலகங்கள் பிரிக்காமல் ஒரே எண்ணில் வைத்துவிடும். ஆங்கர் பைபிள் என்ற விளக்கவுரைத் தொடர் பெரும்பாலும் பி.எஸ். 192.2-இல் மொத்தமாக உட்கார்ந்திருக்கும். நீங்கள் 1575-இல் தேடிவிட்டு 'இல்லை' என்று திரும்பினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

படி 2: பெட்டியில் தட்டாதீர்கள், வசனப் பட்டியலுக்குப் போங்கள்

இறையியல் ஆய்விதழ்களுக்கு நான் முதலில் திறப்பது அட்லா தரவுத்தளம். 1946-இல் தொடங்கிய அமெரிக்க இறையியல் நூலகச் சங்கம்தான் இதன் தாய்வீடு. அட்லாவில் 'ஸ்கிரிப்சர்ஸ்' என்று ஒரு வசதி உண்டு. வேதாகமப் புத்தகங்களின் பெயர்கள் வரிசையாக வரும். புத்தகத்தை விரித்தால் அதிகாரம், அதிகாரத்தை விரித்தால் வசனம். கட்டுரையின் தலைப்பில் 'யோவேல்' என்ற சொல்லே இல்லாவிட்டாலும், அது அந்த வசனத்தைப் பற்றியது என்று ஒருவர் படித்துப் பார்த்துக் குறித்து வைத்திருப்பார். கணினியின் ஊகம் அல்ல, மனித உழைப்பு. மெனுவில் அது எந்த மூலையில் இருக்கிறது என்பது நூலகத்துக்கு நூலகம் மாறும். கண்ணில் படாவிட்டால் நூலகரைக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

வந்த பட்டியலில் 'ரிவ்யூ', அதாவது நூல் மதிப்புரை வகையை நீக்கிவிடுங்கள். பாதி குப்பை போய்விடும். (எந்த விளக்கவுரையை நம்பி வாங்கலாம் என்று பார்க்கும்போது மட்டும் அதே மதிப்புரைகள் தங்கம்.)

கட்டணம் கட்டும் நூலகம் கையில் இல்லையா? ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழக நூலகம் நடத்தும் 'இண்டெக்ஸ் தியோலோஜிகஸ்' யாருக்கும் இலவசம். அதிலும் வசனத்தை வைத்தே தேடலாம். உண்மையைச் சொன்னால், ஐரோப்பிய இதழ்களுக்கு எனக்கு இதுதான் பிடிக்கும்.

படி 3: வசன எண், என்னைக் கவிழ்த்த இடம்

யோவேல் 2:28-இல் தேடினேன், கொஞ்சம் கிடைத்தது. ஆனால் ஒரு விளக்கவுரையின் அடிக்குறிப்பில் இருந்த முக்கியமான ஜெர்மன் கட்டுரை மட்டும் அகப்படவே இல்லை. தலைப்பைப் பார்த்தால் 'யோவேல் 3' என்று இருக்கிறது. நம் வேதாகமத்தில் மூன்றாம் அதிகாரம் யோசபாத்தின் பள்ளத்தாக்கு நியாயத்தீர்ப்பு ஆயிற்றே, ஆவி ஊற்றப்படுவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அச்சுப் பிழை என்றே ஒதுக்கிவிட்டேன்.

பிழை அவர்களுடையது அல்ல. நாம் பழகிய வேதாகமத்தில் யோவேலுக்கு மூன்று அதிகாரம். எபிரெய மூலத்தில் நான்கு. நமது 2:28–32 அங்கே தனி அதிகாரமாக 3:1–5 ஆகிவிடும். நமது மூன்றாம் அதிகாரம் அங்கே நான்காவது. ஜெர்மன் லூத்தர் வேதாகமமும் எபிரெய எண்ணையே பின்பற்றுகிறது. ஆக 'யோவேல் 3' என்றால் எழுதியவர் எந்தக் கணக்கில் எழுதினார் என்று பார்க்காமல் எடுக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது.

இது யோவேலோடு நிற்பதில்லை. மல்கியாவில் நமக்கு நான்கு அதிகாரம், எபிரெயத்தில் மூன்றுதான். நமது மல்கியா 4:1 அங்கே 3:19. சங்கீதங்களில் தலைப்பு வரிகளையும் எபிரெயத்தில் வசனமாக எண்ணுவதால் நமது 51:10, அங்கே 51:12. போதாததற்குக் கிரேக்க, லத்தீன் மரபில் 9, 10 இரண்டும் ஒரே சங்கீதம். அதனால் நமது 23, அவர்களுக்கு 22. பழைய கத்தோலிக்க நூல்களைப் புரட்டும்போது இதை நினைவில் வையுங்கள்.

இப்போது நான் செய்வது: தேடத் தொடங்கும் முன் ஒரு துண்டுத் தாளில் இரண்டு எண்களையும் எழுதி, இரண்டிலும் தேடுகிறேன். கூடவே அந்த வசனம் புதிய ஏற்பாட்டில் மேற்கோளாக வருகிறதா என்றும் பார்க்கிறேன். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு பேசும்போது யோவேலைத்தான் எடுத்துச் சொல்கிறார். அப்போஸ்தலர் 2:17-இன் கீழ் எனக்குக் கிடைத்த கட்டுரைகள் யோவேலின் கீழ் கிடைத்ததைவிட அதிகம்.

படி 4: பட்டியலில் இருந்தால் கையில் இருப்பதாக அர்த்தம் இல்லை

அட்லாவில் பட்டியல் தனி, முழுக் கட்டுரைகள் தனி. இரண்டுக்கும் தனித்தனியாகச் சந்தா. உங்கள் நூலகம் முதலாவதை மட்டும் எடுத்திருக்கலாம். முழுக் கட்டுரை திறக்காவிட்டால் இதழின் பெயரை நூலகப் பட்டியலில் தேடுங்கள், அச்சுப் பிரதியாகக் கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். அங்கும் இல்லையென்றால் பிற நூலகத்திலிருந்து ஸ்கேன் வரவழைக்கக் கேளுங்கள். காப்புரிமை முடிந்த பழைய நூல்களுக்கு இன்டர்நெட் ஆர்கைவும், பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியின் 'தியோலாஜிக்கல் காமன்ஸ்' தளமும் போதும்.

படி 5: ஸோட்டீரோ

அடிக்குறிப்பைக் கையால் தட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. நூல், கட்டுரை விவரங்களைச் சேமித்து அடிக்குறிப்பைத் தானே அமைத்துத் தரும் ஸோட்டீரோ மென்பொருள் இலவசம், வேதாகம ஆய்வுக் கட்டுரைகளுக்கான எஸ்.பி.எல். (SBL) அடிக்குறிப்புப் பாணியும் அதில் உண்டு. ஆனால் தரவுத்தளம் கொடுப்பதை அப்படியே நம்பாதீர்கள். ஆசிரியர் பெயர் தலைகீழாக வரும், தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் வரும். சேமித்த உடனே ஒருமுறை திருத்திவிடுங்கள். சமர்ப்பிக்கும் இரவில் திருத்தலாம் என்று விட்டு நான் பட்டது போதும்.

பின்சேர்க்கை: தமிழ் நூல்கள்

இதைப் படித்த சிலர், 'திருச்சபை சரித்திரம் பற்றித் தமிழ் நூல் தேடினால் ஒன்றும் வரவில்லை' என்று எழுதியிருந்தார்கள். நூல் இருக்கும், நீங்கள் தட்டுவதுதான் தவறு. பல நூலகப் பட்டியல்களில் தமிழ்த் தலைப்பு ரோமன் எழுத்தில்தான் பதிவாகியிருக்கும், அதுவும் நாம் வாட்ஸ்அப்பில் தட்டும் பாணியில் அல்ல. காங்கிரஸ் நூலகத்தின் எழுத்துப்பெயர்ப்பு அட்டவணைப்படி ஒலியைப் பார்ப்பதில்லை, எழுத்தை மட்டும் பார்ப்பார்கள். ச எங்கே வந்தாலும் 'சி' (c) என்ற ஆங்கில எழுத்து. த, க எங்கே வந்தாலும் 'டி' (t), 'கே' (k). ஆக சபை என்பது சி-ஏ-பி-ஏ-ஐ (capai). வேதாகமம் என்பது வி-இ-டி-ஏ-கே-ஏ-எம்-ஏ-எம் (vetakamam). 'ஜி' (g) கிடையாது, 'ஹெச்' (h) ஹ எழுத்துக்கு மட்டும்தான். கிறிஸ்தவ என்பது 'கே'யில் தொடங்கும். ஆங்கிலப் பழக்கத்தில் 'சி-ஹெச்' போட்டால் வராது.

எழுத்தின் மேலும் கீழும் உள்ள கோடு, புள்ளிகளைப் பெரும்பாலான தேடல் பெட்டிகள் கண்டுகொள்வதில்லை. எனவே ல, ள, ழ மூன்றுக்கும் வெறும் 'எல்' போதும். பள்ளியில் இந்த மூன்றையும் மாற்றிப் போட்டு அடி வாங்கியவர்களுக்கு இங்கே விமோசனம். பழைய நூல்களில் 'ஸபை' என்று அச்சிட்டிருந்தால் அது 'எஸ்'ஸில் பதிவாகியிருக்கும், இரண்டையும் முயலுங்கள். வேதாகமத்தின் தமிழ்ப் பதிப்புகளுக்குத் தலைப்பே வேண்டாம்: ஆங்கிலத்தில் 'பைபிள்' என்று கொடுத்து, மொழி வடிகட்டியில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் வரிசையாக வரும்.

இன்னொரு சேர்க்கை

புதிய கட்டுரை வந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தார் ஒருவர். அட்லா பெரும்பாலும் எப்ஸ்கோ என்ற தரவுத்தள நிறுவனத்தின் தளத்தில்தான் இருக்கும். அங்கே சொந்தக் கணக்கு தொடங்கித் தேடலைச் சேமித்தால், புதிதாக ஏதாவது சேரும்போது மின்னஞ்சல் வரும். நூலகத்தின் 'புதிய வரவுகள்' பட்டியலையும் விடாமல் பாருங்கள். சில நாள்கள் மட்டும் இலவசமாகத் திறந்துவிடப்படும் தரவுத்தளங்களின் அறிவிப்பும் அங்கேதான் வரும். நான் யோவேலுக்கு இரண்டு தேடல் சேமித்து வைத்திருக்கிறேன், 2:28-க்கு ஒன்று, 3:1-க்கு ஒன்று.