கொடியைக் 'கெரடி' என்று படித்த பையன்: வாசிப்பு நிலை பார்க்கும்போது செய்யும் தவறுகள்

ஜூன் மாதம் எங்கள் பள்ளிக்குப் புதிதாக இரண்டு ஆசிரியைகள் வந்தார்கள். 2, 3ஆம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வாசிப்பு அட்டையைக் காட்டி, யார் எந்த நிலை என்று குறித்துக்கொண்டிருந்தார்கள். வராண்டாவில் நின்று கொஞ்ச நேரம் கவனித்தேன். அவ்வளவும் என் பழைய தப்புகள். ஒன்றைக்கூட மாற்றாமல் அப்படியே செய்துகொண்டிருந்தார்கள்.

சத்தமான இடத்தில் வைக்காதே, பசியோடு இருக்கும் பிள்ளையைக் கூப்பிடாதே என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

ஒப்பித்தலை வாசிப்பு என்று நம்புவது

பாடப்புத்தகத்தின் முதல் பாடத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் பாதி வகுப்பு கடகடவென்று படித்துவிடும். விரலைப் பாருங்கள். வாய் முதல் வரியில் இருக்கும்போதே விரல் மூன்றாவது வரிக்குப் போயிருக்கும். அக்கா படித்ததைக் கேட்டுக் கேட்டே பாடமாகிப்போன வரிகள் அவை. அதே சொற்களை மாற்றிப்போட்டு நான்கு வரி நீங்களே எழுதிக் கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால் கடைசி வரியிலிருந்து மேலே படிக்கச் சொல்லுங்கள்.

'அ' முதல் 'ஔ' வரை சொல்லச் சொல்வதும் இதே கதைதான். அது பாட்டு. 'ஊ'வைத் தனியாகத் தொட்டுக் காட்டிக் கேட்டால் மனசுக்குள் 'அ'விலிருந்து பாடிக்கொண்டே வந்து பதில் சொல்லும் பிள்ளைகள் உண்டு.

எடுத்துக்கொடுப்பது

"செ... செ..." என்று நீங்கள் இழுத்தால் "செடி!" என்று பிள்ளை முடிக்கும். படித்தது நீங்கள்.

நிலையை எழுதிவிட்டு, பிழையை எழுதாமல் விடுவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் ஆகியும் நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

வாசிப்பைப் பார்க்கும் கருவிகள் பெரும்பாலும் ஏணி மாதிரிதான் இருக்கும். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005இல் தொடங்கிய, பிள்ளைகளின் வாசிப்பைப் பார்க்கும் 'அசர்' ஆய்வில் எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிகள். சொல் படியில் 5 சொல்லுக்கு 4 சரியாக வர வேண்டும்; வராவிட்டால் எழுத்துக்கு இறங்க வேண்டும். ஒரு மாவட்டமே எப்படி இருக்கிறது என்று பார்க்க அது போதும். ஆனால் நாளைக் காலையில் ஒரு பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்று தெரிந்துகொள்ள அது போதாது. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

2ஆம் வகுப்பில் ஒரு பையன். அட்டையில் 5 சொல்: வீடு, பாம்பு, கொடி, தேன், பொம்மை. முதல் இரண்டும் சரி. மீதி மூன்றுக்கும் நான் பெருக்கல் குறி போட்டேன். 5க்கு 2. 'எழுத்து நிலை' என்று எழுதி, ஜன்னலோரக் குழுவில் உட்கார வைத்தேன். அதே குழுவில் 'ம'வுக்கும் 'ப'வுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு பெண் குழந்தையும் இருந்தாள். நோட்டில் இருவருக்கும் ஒரே சொல், வகுப்பில் இருவருக்கும் ஒரே சார்ட்.

இரண்டு மாதம் அவன் 'அ, ஆ' எழுதினான். மூன்றாவது வாரத்திலேயே பக்கத்துப் பிள்ளையின் பென்சிலை ஒடிக்க ஆரம்பித்துவிட்டான். சேட்டைக்காரன் என்று அவன்மேல் பெயர் விழுந்தது. வைத்தவள் நான்தான்.

ஆகஸ்டில் அவன் பாட்டி வந்தார். "என்னங்க டீச்சர், ஊருக்குப் போறப்ப பஸ் போர்டப் பாத்துப் பழனி, தாராபுரம்னு படிக்கறானுங்க. இங்க இன்னும் ஆனா ஆவன்னாவே எழுத வெக்கறீங்களாமா?"

வழக்கம்போல 'பேரன் மேல் பாசம்' என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அன்று மதியம் பழைய அட்டையை எடுத்து அவனைப் படிக்கச் சொன்னேன். இந்த முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். கொடியை அவன் "கெ-ர-டி" என்றான். பொம்மை, "பெ-ர-ம்-மை". தேன், "தென்".

அவனுக்கு எழுத்து தெரியாமல் இல்லை. ஒற்றைக்கொம்பைச் சரியாகத்தான் படித்தான். பின்னால் வரும் துணைக்காலை 'ர' என்று எடுத்துக்கொண்டான். நம் அச்சில் இரண்டையும் பாருங்கள், அவன்மேல் என்ன தப்பு? இரட்டைக்கொம்பு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. தெரியாதது மொத்தம் மூன்று குறி: ே, ொ, ோ. பத்து நாளில் பிடித்துக்கொண்டான். அதற்கு முன் இரண்டு மாதம் நான் தின்றுவிட்டேன். படிப்பு என்றால் முகத்தைத் திருப்பும் பழக்கம் போக அந்த வருஷம் முழுக்க ஆனது.

அதிலிருந்து நோட்டில் பெருக்கல் குறியே போடுவதில்லை. அட்டையில் இருந்த சொல்லுக்கு எதிரே பிள்ளை வாயிலிருந்து வந்ததை வந்தபடியே எழுதுகிறேன். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிஷம் கூடுதலாகும், அவ்வளவுதான். பத்துப் பதினைந்து சொல் சேர்ந்தால் பிழைகள் தாமாகவே கூட்டம் பிரியும். பட்டத்தைப் "படடம்" என்றால் புள்ளியைக் கண் தாண்டுகிறது. வீட்டை "விடு" என்றால் குறில் நெடில் தகராறு. பல்லியைப் பார்த்துப் "பழம்" என்றால் முதல் எழுத்தை வைத்து ஊகிக்கிறது. கூடு, சூடு, தூண் மூன்றிலும் தடுமாறினால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊகாரம் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது. 1978 சீர்திருத்தத்தில் ணா, றா, னா, லை எல்லாம் ஒழுங்குக்கு வந்தன. உகர ஊகாரங்களில் யாரும் கைவைக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பழகித்தான் தீர வேண்டும்.

இந்த நான்கு பிள்ளைகளும் ஏணியில் ஒரே படியில்தான் நிற்பார்கள். நான்கு பேருக்கும் வேண்டிய பாடம் வேறு வேறு.

புது ஆசிரியை ஒருவரிடம் இதைச் சொன்னேன். "நிலையைப் பதியற ஆப்பில் நிலை மட்டும்தான் டீச்சர் கேக்குது" என்றார். ஆப்புக்கு நிலையைக் கொடுங்கள். நோட்டு உங்களுக்கு.

வீட்டுப் பேச்சைப் பிழையாக எண்ணுவது

வாழைப்பழத்தைக் காட்டி, "இது என்ன?" என்று முதலில் கேளுங்கள். "வாளப்பளம்" என்று சொல்லும் பிள்ளை அட்டையிலும் "வாளப்பளம்" என்றுதான் படிக்கும். எழுத்தைச் சரியாகப் பார்த்துத் தன் வாய்க்கு வந்த ஒலியில் சொல்கிறது. ழகரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதற்காக ஒரு பிள்ளையைக் கீழ்ப்படிக்கு இறக்குவது அநியாயம்.

கையில் கடிகாரம்

நேரம் பார்த்துப் படிக்க வைப்பது ஒன்றாம் வகுப்பில் வேண்டாம்.

அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைப்பது

ஒரே ஒருமுறை செய்தேன். அம்மா தொடையில் கிள்ளினார், பிள்ளை அழுதது.

ஜூனில் வைத்த பெயரை மார்ச் வரை சுமப்பது

அரும்பு, மொட்டு, மலர் என்று தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் நிலைகளுக்கு அழகாகத்தான் பெயர் வைத்தார்கள். ஆனால் "அரும்புப் பசங்கள்லாம் இங்க வாங்க" என்று நாமே கூப்பிட ஆரம்பித்தால் பிள்ளைகளும் அப்படியே ஒருவரையொருவர் கூப்பிடும். நான் இடம் மாற்றும்போது பெயர் சொல்வதில்லை. "நாளையிலிருந்து இந்தப் பக்கம் உக்காரு" என்பேன். ஆறு வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்கிறேன். முழு அட்டை இல்லை, சென்ற முறை தடுமாறிய அதே சொற்களும் அதே குறிகள் வரும் புதுச் சொற்கள் நான்கும். கொடிக்குப் பக்கத்தில் கொசு, சோறு, தோடு.

எழுத்திலிருந்தே தொடங்குவது

கீழ்ப்படியிலிருந்து ஆரம்பித்தால் பத்தி வருவதற்குள் பிள்ளை சலித்துப்போகும். அசரில் செய்வதுபோல் பத்தியை முதலில் நீட்டுங்கள். முடியாவிட்டால் ஒரு படி இறக்குங்கள். இறக்கும்போது "சரி, இதைப் படி" என்றால் போதும். உச்சுக்கொட்டாதீர்கள்.