முதல் மவுண்டன் பைக்கா? கியரை எண்ணாதீர்கள், பின் ஹப்பைப் பாருங்கள்

ஃபிரேமில் '21 கியர்' என்று ஒட்டியிருந்தால் முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7, பெருக்கினால் 21, அவ்வளவுதான். அதில் பாதி கியர்கள் ஏறக்குறைய ஒரே அழுத்தம்தான் கேட்கும்.

பார்க்க வேண்டியது பின் ஹப், அதாவது பின்சக்கரத்தின் மையப்பகுதி. மலிவான 6, 7 ஸ்பீடு (பின்னால் 6, 7 பல்சக்கரம்) வண்டிகளில் பெரும்பாலும் ஹப்பில் திருகி மாட்டும் பல்சக்கரத் தொகுதியான ஃப்ரீவீல் இருக்கும். அதில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி அமர்ந்திருப்பதால், அச்சின் முனை தாங்கலின்றி நீண்டு நிற்கும். குதித்து இறங்கினால் அங்கேதான் வளையும், உடையும். பல்சக்கரத் தொகுதியைச் சொருகி மாட்டும் கேசட் ஹப்பில் பேரிங் விளிம்புக்கு அருகே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. இரண்டையும் பிரித்தறிய பின்சக்கரத்தைக் கழற்றி, பற்களைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் கருவி மாட்டும் வரிப்பள்ளமும் சேர்ந்து சுற்றினால் கேசட். அசையாமல் நின்றால் ஃப்ரீவீல்.

'பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்று ஃப்ரீவீல் வண்டி வாங்காதீர்கள். 9 ஸ்பீடு கேசட்டுக்குப் போக ஹப் அல்லது முழுச் சக்கரம், கியர் மாற்றும் ஷிஃப்டர், செயின் எல்லாமே மாற வேண்டும்.

அடுத்தது ஏற்றக் கியர். முன்னால் உள்ள மிகச் சிறிய பல்சக்கரத்தின் பற்களைப் பின்னால் உள்ள மிகப் பெரியதன் பற்களால் வகுங்கள். 24ஐ 28ஆல் வகுத்தால் 0.86, செங்குத்தான மண்பாதையில் மூச்சு வாங்கும். முன்னால் ஒற்றைப் பல்சக்கரம் 32 பல், பின்னால் 46 என்றால் 0.70. கியர் குறைவு, ஏற்றம் சுலபம். 0.75க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கியர் பாகங்கள் செய்யும் ஷிமானோவின் வரிசைகளில் டூர்னி அடிமட்டம். அதற்கு மேலே ஆல்டஸ், ஏசெரா, அலிவியோ, டியோர். ஆனால் கண்ணில் படும் டீரெய்லரை (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் பாகம்) மட்டும் உயர்ந்ததாகப் போட்டு, ஷிஃப்டரிலும் ஹப்பிலும் மிச்சம் பிடிப்பது பழைய தந்திரம். ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் தனித்தனியே படியுங்கள். கரடுமுரடான பாதைக்கு செயினைத் தளராமல் பிடிக்கும் கிளட்ச் உள்ள டீரெய்லர் நல்லது. செயின் ஆடி ஃபிரேமில் அடிப்பது குறையும்.

டீரெய்லர் தொங்கும் ஹேங்கர் தனியே கழற்றும்படி இருக்கட்டும். வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது அதுதான். கேபிளை எவ்வளவு முறுக்கினாலும் கியர் சரியாக விழவில்லையென்றால் அங்கே சந்தேகப்படுங்கள். ஹேங்கர் நேராக இருந்தும் செயின் பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால், கேபிள் முனையின் அட்ஜஸ்டரைக் கால் சுற்று இடஞ்சுழியாகத் திருப்பிப் பாருங்கள்.

செயின் தேய்மானத்துக்கு ஸ்கேல் போதும். புதிதில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடியதும் மாற்றிவிட்டால் கேசட் தப்பிக்கும்.