சிம்னி ஃபில்டர் வாங்கும் முன்

தாளிப்பும் பொரியலும் தினமும் நடக்கிற அடுப்படிக்கு மெஷ் ஃபில்டர் சரிப்படாது. அந்த வலைக்கண்களில் எண்ணெய்ப் பிசுக்கு சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். சத்தம் மட்டும் வரும், புகை போகாது. வலைக்குப் பதில் வளைந்த தகடுகள் வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேஃபிள் ஃபில்டரே மேல். கொதிநீரில் ஆப்ப சோடாவும் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து அரைமணி ஊறப்போட்டால், பழுப்பாகப் பிசுக்கு கழன்று மிதக்கும். (அலுமினிய மெஷ்ஷுக்குச் சோடா வேண்டாம், கறுத்துவிடும்.)

குழாய் வழியே புகையை வெளியேற்றாத சிம்னி என்றால் உள்ளே கரி ஃபில்டர் இருக்கும். அதைப் பெரும்பாலும் கழுவ முடியாது. 3 முதல் 6 மாதத்துக்குள் மாற்றியாக வேண்டும். நான் கழுவிப் பார்த்தேன், கறுப்புத் தண்ணீர்தான் மிச்சம்!

புதிது வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். அரை சென்டிமீட்டர் கூடினாலும் சட்டத்தில் உட்காராது.