உவமையை அவரே கொண்டுவந்திருப்பார்

கவுன்சலிங்கில் உவமை என்றால், நல்ல கதை ஒன்றை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு சமயம் பார்த்து எடுத்துவிடுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2018-இல் கஜா புயலுக்கு அப்புறம், பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னை விவசாயி ஒருவரிடம் "எந்தப் புயலும் கடந்து போகும் ஐயா" என்றேன். "புயல் அன்னைக்கே போயிடுச்சு தம்பி, மரந்தான் கெடக்கு" என்றார். அதோடு சரி. உவமை நம் கையில் இல்லை, பேச வந்தவர் பேச்சிலேயே இருக்கிறது என்று அப்புறம்தான் புரிந்தது.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். "மனசு பாரமா இருக்கு", "நெஞ்சை அடைக்குது" என்பதையெல்லாம் வெறும் பேச்சுவழக்கு என்று தாண்டிப் போகாதீர்கள். வந்த சொல்லை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். 'பாரம்' என்றால் பாரம்தான், அதை 'மன அழுத்தம்' ஆக்கினால் அவர் நம் பாஷையில் பேச ஆரம்பித்துவிடுவார்.

அப்புறம் கேள்வி. நியூசிலாந்துக்காரர் டேவிட் குரோவ் 1980களில் இதற்கென்றே சில எளிய கேள்விகளை உருவாக்கினார், 'கிளீன் லாங்குவேஜ்' என்பார்கள்: அது எப்படிப்பட்ட பாரம்? எங்கே இருக்கிறது? எது மாதிரி? அடுத்து என்ன ஆகிறது? கேட்பவர் தன் சரக்கை உள்ளே விடக்கூடாது, அதுதான் சூட்சுமம்.

பலரிடம் கேட்டதைக் கலந்து ஓர் உதாரணம். "வீட்டுல நான் கடைமடை வயல் மாதிரி சார்" என்கிறார் ஒரு நடுப்பிள்ளை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டிக் கடைசி வாய்க்காலுக்கு வருமா வராதா என்று வருஷா வருஷம் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர் இது, விளக்கம் எதற்கு என்று தோன்றும். கேளுங்கள். "எப்படிப்பட்ட கடைமடை?" "மேல உள்ளவங்க பாய்ச்சி மிஞ்சினாத்தான் எனக்கு." "தண்ணி எங்க நிக்குது?" கொஞ்சம் யோசித்து, "மதகு தொறந்துதான் இருக்கு, நடுவுல ஆகாயத்தாமரை அடைச்சுக் கெடக்கு" என்கிறார். அப்பா எதையும் மறுக்கவில்லை, இவர்தான் பல வருஷமாக அவரிடம் வாயே திறக்கவில்லை என்பது அதற்கப்புறம்தான் வருகிறது. உடனே "அப்போ தூர்வாரலாமே!" என்று குதிக்கத் தோன்றும், எனக்கு இன்னமும் தோன்றுகிறது. பொறுங்கள். "அந்த வாய்க்காலுக்கு இப்போ என்ன வேணும்?" என்பதோடு நிறுத்துங்கள். ஆள் விட்டு அள்ளுவாரோ, எனக்கு அந்தத் தண்ணியே வேண்டாம் என்று தனியாக போர்வெல் போட்டுக்கொள்வாரோ, அவர் வயல். முடிவு எதுவானாலும், இந்த வாரம் வீட்டில் அதற்கு என்ன செய்யப்போகிறார் என்று கேட்டு அனுப்புங்கள், இல்லாவிட்டால் வெறும் கதையாகப் போய்விடும்.

இல்லாததைக் கேட்கிற, பார்க்கிற நிலையில் இருப்பவரிடம் இந்த விளையாட்டே வேண்டாம். "தலைக்கு மேல வெள்ளம் போயிடுச்சு, இனி சாண் என்ன முழம் என்ன" என்று ஒருவர் சொன்னால் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் சேருங்கள், 14416 என்கிற மனநல உதவி எண்ணையும் கையில் கொடுங்கள்.